4 வயசு காலேஜ் ஒலிம்பிக் வரை போன கதை: யார் இந்த ஹாரி பக்? சின்ன கல்லூரிகளுக்கு விளையாட்டால் என்ன லாபம்?

வாடிப்பட்டி பக்கம் எந்த அரசுப் பள்ளிக்குப் போனாலும் ஒருத்தரைப் பார்க்கலாம். கழுத்துல விசில், கையில ஒரு நோட்டு. பசங்களுக்கு அவர் பி.டி. வாத்தியார். கபடி கோடு போடுவது, வாலிபால் நெட் கட்டுவது, மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போவது என எல்லாமே அவர் பொறுப்பு.

இந்த பி.டி. வாத்தியார் என்ற வேலை நம்ம ஊருக்கு எப்படி வந்தது? விளையாட்டைச் சொல்லிக்கொடுக்க ஒருத்தர் தனியாகப் படிச்சு, சான்றிதழ் வாங்கி வரணும் என்ற எண்ணம் யாருக்கு வந்தது? இதற்கான பதிலைத் தேடினால் பெரும்பாலும் ஒரு பெயரில்தான் போய் நிற்கும். ஹாரி குரோ பக். அமெரிக்காவில் பிறந்து, மெட்ராஸுக்கு வந்து, இந்தியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். அந்தக் கல்லூரிக்கு 4 வயசு ஆனபோது, இந்திய அணியை பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு அழைத்துப் போனவரும் இவரே.

இவர் கதையை இப்போ தெரிஞ்சுக்க ஒரு காரணம் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் அட்மிஷன் நேரத்தில் மதுரை, திண்டுக்கல் பக்கம் உள்ள சின்ன சின்ன கல்லூரிகள்கூட பதக்கம் வாங்கிய மாணவர் படத்தைப் போட்டு பிளெக்ஸ் வைக்கின்றன. பல்கலைக்கழக அளவில் மட்டும் விளையாடினால் போதுமா, தேசிய அளவுக்கு, அதற்கும் மேலே போகணுமா? போனால் கல்லூரிக்கு என்ன கிடைக்கும்? செலவுக்கு ஏத்த பலன் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய பதில் பக்கின் வாழ்க்கையில் இருக்கு.

யார் இந்த ஹாரி பக்?

1884 நவம்பர் 25-ம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தார். அவர் பிறந்த சின்ன ஊரின் பெயர் லிவர்பூல். பெயரைப் பார்த்து இங்கிலாந்து என்று நினைக்க வேண்டாம், அது வேற ஊர்.

அவர் படித்த இடம்தான் முக்கியம். மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரி அது. 1885-ல் தொடங்கிய சின்ன நிறுவனம். ஹார்வர்டு, யேல் மாதிரி பழமையும் கிடையாது, பணமும் கிடையாது. ஒய்.எம்.சி.ஏ. கிளைகளில் வேலை பார்க்க ஆட்களைத் தயார் செய்வதுதான் அதன் வேலை.

ஆனால் அந்தச் சின்ன கல்லூரிதான் உலகத்துக்கு பாஸ்கெட்பாலைக் கொடுத்தது. 1891 குளிர்காலத்தில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நைஸ்மித், பீச் பழக் கூடையை மேலே மாட்டி, அதில் பந்தைப் போடும் ஆட்டத்தை உருவாக்கினார். அதே கல்லூரியில் படித்த வில்லியம் மார்கன், 1895-ல் பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வாலிபாலை உருவாக்கினார். இன்னிக்கு வாடிப்பட்டி சுற்றுவட்டாரத்தில் சாயங்காலம் லைட் போட்டு ஆடுற வாலிபால், இப்படி ஒரு சின்ன கல்லூரியின் முன்னாள் மாணவர் கண்டுபிடித்ததுதான்.

பக் அங்கே படித்தபோது இந்தக் கதைகள் எல்லாம் அந்த வளாகத்தில் புதுசாகவே இருந்தன. பெரிய கட்டிடம், பெரிய நிதி இல்லாமலே ஒரு கல்லூரி உலகத்தைத் தொடலாம் என்பதற்கு அவர் படித்த கல்லூரியே உதாரணமாக இருந்தது. பின்னால் மெட்ராஸில் அவர் செய்ததைப் பார்த்தால், அந்தப் பாடம் அவர் மனசுல ஆழமாகப் பதிஞ்சிருந்தது தெரியும்.

மெட்ராஸுக்கு ஏன் வந்தார்?

முதல் உலகப் போர் 1918-ல் முடிந்தது. அடுத்த வருஷம், 1919-ல் பக் இந்தியா வந்தார். ஒய்.எம்.சி.ஏ. அமைப்பு அதற்கு முன்பே கல்கத்தா, மெட்ராஸ் போன்ற நகரங்களில் வேரூன்றி இருந்தது. ஜே.எச். கிரே என்ற அமெரிக்கர் 1908-லேயே கல்கத்தாவுக்கு வந்து உடற்பயிற்சி வேலைகளைத் தொடங்கியிருந்தார்.

அப்போ நம்ம ஊரில் விளையாட்டு இல்லையா என்று கேட்கலாம். தாராளமா இருந்தது. சிலம்பம், மல்யுத்தம், சடுகுடு, பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு என்று கிராமத்துக்குக் கிராமம் இருந்தது. அலங்காநல்லூர், பாலமேடு இரண்டும் இன்றைய வாடிப்பட்டி வட்டத்தில்தான் வருகின்றன. உடம்பை வளர்க்கத் தெரியாத ஊர் இல்லை இது.

பிரச்சினை பள்ளிக்கூடத்தில் இருந்தது. அங்கே விளையாட்டு என்றால் டிரில். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களை டிரில் மாஸ்டராகப் போடுவார்கள். லெஃப்ட், ரைட் சொல்லி வரிசையில் நடக்க வைப்பதோடு சரி. பிள்ளையின் வயசுக்கு எது ஏத்தது, யாருக்கு எந்த விளையாட்டு வரும், அடிபட்டால் என்ன செய்யணும் என்பதெல்லாம் சொல்லித்தர ஆள் இல்லை. படிப்பு வாத்தியாருக்குப் பயிற்சிப் பள்ளி இருந்தது. விளையாட்டு வாத்தியாருக்கு எதுவும் இல்லை.

பக் இந்தக் குறையைப் பிடித்துக்கொண்டார். நாலு நல்ல வீரர்களை உருவாக்குவதைவிட, நாலு நல்ல ஆசிரியர்களை உருவாக்கினால் அவர்கள் மூலம் ஆயிரம் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்பது அவர் கணக்கு.

1920: கைவிரலில் எண்ணும் அளவு மாணவர்கள்

1920-ல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி தொடங்கியது. முதலில் அதன் பெயரில் கல்லூரி என்ற சொல்கூட கிடையாது. சேர்ந்த மாணவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். இந்த வேலைக்குப் படிச்சுட்டு வந்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கே அப்போது பதில் இல்லை.

அதே நேரத்தில் அரசியலிலும் ஒரு மாற்றம் வந்தது. மாண்டேகு செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தால் கல்வித் துறை மாகாண அமைச்சர்களின் கைக்கு வந்தது. பள்ளிக்கூடங்களில் என்ன சொல்லிக்கொடுப்பது என்பதை மெட்ராஸிலேயே பேசி முடிவெடுக்கும் நிலை உருவானது. பக் அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். உடற்கல்வி பற்றி மெட்ராஸ் அரசுக்கு ஆலோசனை சொல்லும் இடத்துக்கும் வந்தார்.

பள்ளியில் அவர் வைத்த பாடத்திட்டம் அன்றைக்குப் புதுசு. மாணவர்கள் ஓடணும், குதிக்கணும், ஆடணும். அதோடு உடலமைப்பு, உடல்நலம், கற்பிக்கும் முறை ஆகியவற்றை வகுப்பில் உட்கார்ந்து படிக்கவும் வேண்டும். விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் எழுதிய புத்தகம் உடற்கல்வி ஆசிரியர்கள் கையில் நீண்ட காலம் இருந்தது. வியாயாம் என்ற பெயரில் ஒரு இதழும் கல்லூரியிலிருந்து வந்தது. வெளிநாட்டு ஆட்டங்களைக் கொண்டுவந்த அதே ஆள், நம்ம ஊர் விளையாட்டுகளுக்கும் இடம் கொடுத்தார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆனாலும் ஒரு சிக்கல். ஊரில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு பள்ளி இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும், விளையாட்டுக்கு எதுக்குப் படிப்பு என்று சிரித்த காலம் அது. இந்த நிலையை மாற்றிய சம்பவம் 4 வருஷம் கழித்து நடந்தது.

1924: பாரிஸுக்குப் போன பயணம்

கொஞ்சம் பின்னால் போவோம். தொழிலதிபர் தோராப்ஜி டாடா 1919-ல் புனேயில் நடந்த தடகளப் போட்டியைப் பார்க்கிறார். ஓட்டக்காரர்களின் திறமை அவருக்கு நம்பிக்கை தருகிறது. அவர் முயற்சியால் 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கிற்கு ஒரு சிறிய இந்தியக் குழு போகிறது. தடகள வீரர்கள் 4 பேர், மல்யுத்த வீரர்கள் 2 பேர்.

அடுத்த ஒலிம்பிக் 1924-ல் பாரிஸில். இந்த முறை கொஞ்சம் முறைப்படி செய்யலாம் என்று முடிவாகிறது. அந்த வருஷம் பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்திய அளவில் போட்டி வைக்கிறார்கள். பல மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் மோதுகிறார்கள். அதிலிருந்து 8 தடகள வீரர்கள் தேர்வாகிறார்கள். அணியின் மேலாளராகப் போனவர் ஹாரி பக்.

யோசிச்சுப் பாருங்க. மெட்ராஸில் ஒரு பயிற்சிப் பள்ளி. வயசு 4. அதன் தலைவர் ஒரு நாட்டின் ஒலிம்பிக் அணியைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறுகிறார். இன்றைய கணக்கில், போன வருஷம் தொடங்கிய ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் நேராக ஒலிம்பிக் கிராமத்தில் போய் நிற்கிற மாதிரி.

அந்த அணியில் மெட்ராஸ் மாகாணத்துக்காரர் ஒருவரும் இருந்தார். சி.கே. லட்சுமணன். கண்ணூரில் பிறந்தவர். அன்றைக்கு மலபார் பகுதி மெட்ராஸ் மாகாணத்தில்தான் இருந்தது. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் கலந்துகொண்டார். மருத்துவரான இவர், பின்னாளில் மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். விளையாடினால் படிப்பு கெட்டுப் போகும் என்று சொல்பவர்களிடம் இந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

பாரிஸில் இந்தியா தடகளம், டென்னிஸ் என இரண்டு விளையாட்டுகளில்தான் பங்கேற்றது. டென்னிஸில் சிட்னி ஜேக்கப் கால் இறுதி வரை போனார். பதக்கம்? ஒன்றுகூட இல்லை.

பதக்கம் இல்லை, அப்போ என்ன கிடைத்தது?

சின்ன கல்லூரிகளுக்கான பாடம் இங்கேதான் இருக்கு. பாரிஸ் பயணத்தைப் பதக்கக் கணக்கில் பார்த்தால் பூஜ்யம். பக்கும் மெட்ராஸ் கல்லூரியும் பெற்ற பலன்கள் வேறு வகை.

முதல் பலன், அடையாளம். மெட்ராஸில் விளையாட்டுக்குப் பயிற்சி கொடுக்கும் நிறுவனம் எது என்று கேட்டால் இனி ஒரே பதில்தான். ஒலிம்பிக் அணியை நடத்தியவரின் கல்லூரி என்ற பேச்சு, மாணவர்களையும் பள்ளி நிர்வாகங்களையும் அந்தப் பக்கம் திரும்ப வைத்தது.

இரண்டாவது, அரசாங்கத்தின் நம்பிக்கை. உடற்கல்விக்குத் தகுதி பெற்ற ஆசிரியர் தேவை என்று பக் சொல்லும்போது, அது ஒரு சங்கத்துக்காரரின் ஆசையாக மட்டும் தெரியவில்லை. உலகம் எப்படித் தயாராகிறது என்பதை நேரில் பார்த்தவரின் பேச்சாக இருந்தது. படித்து வெளியே வரும் மாணவனுக்கு வேலை கிடைக்கும் வழி மெல்ல மெல்லத் திறந்தது.

மூன்றாவது, இடம். சிறிய அளவில் தொடங்கிய பள்ளி, பின்னர் அடையாறு கரையோரம் பெரிய வளாகத்துக்கு மாறியது. அன்று சைதாப்பேட்டை என்று சொன்ன அந்தப் பகுதி இன்றைய நந்தனம். சமீப வருஷங்களில் சென்னை புத்தகக் காட்சிக்குப் போனவர்களுக்கு இந்த இடம் நல்லாவே தெரியும். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்று நாம் சொல்வது பக்கின் கல்லூரி வளாகத்தைத்தான்.

நான்காவது, தரம். பாரிஸில் மற்ற நாட்டு வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள், தடகளப் பாதை எப்படி இருக்கிறது, போட்டியை எப்படி நடத்துகிறார்கள் என்பதை நேரில் பார்த்த ஒருவர் திரும்பி வந்து வகுப்பெடுக்கிறார். அந்த வகுப்பில் உட்கார்ந்த மாணவர்கள் ஒவ்வொரு ஊருக்கும் போய் அதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஓடுதளத்தை அளந்து கோடு போடுவது, நேரத்தைச் சரியாக எடுப்பது, நடுவர் பயிற்சி எல்லாம் இப்படித்தான் பள்ளிக்கூட மைதானங்களுக்கு வந்து சேர்ந்தன.

1927: மாகாணம் மாகாணமாக ஒரு சுற்றுப்பயணம்

பாரிஸிலிருந்து திரும்பியதும் ஒரு விஷயம் எல்லாருக்கும் புரிந்தது. நாலு வருஷத்துக்கு ஒரு முறை அவசரமாக அணியைச் சேர்த்தால் ஆகாது. நிரந்தரமான அமைப்பு வேணும். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. தோராப்ஜி டாடா முதல் தலைவர். ஒய்.எம்.சி.ஏ.வின் டாக்டர் ஏ.ஜி. நோரன் செயலாளர். இந்த அமைப்பு உருவாக முன்னின்றவர்களில் நோரனும் பக்கும் முக்கியமானவர்கள்.

சங்கம் ஆரம்பித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. பக், நோரன், குரு தத் சோந்தி உள்ளிட்டவர்கள் நாட்டின் பல பகுதிகளுக்குப் பயணம் செய்து, மாகாண ஒலிம்பிக் சங்கங்கள் உருவாக உதவினார்கள். மேலே ஒரு சங்கம் இருந்தால் மட்டும் போதாது, கீழே போட்டி நடத்த ஆள் வேணும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வருஷம், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. அந்தத் தங்கம் ஹாக்கிக்காரர்களின் உழைப்பு, அதில் பக்குக்குப் பங்கு கேட்க முடியாது. ஆனால் இந்தியா என்ற பெயரில் ஒழுங்காக அணி அனுப்பும் ஒலிம்பிக் சங்கம் அந்த நேரத்தில் தயாராக இருந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் மெட்ராஸில் ஒரு சின்ன கல்லூரியை நடத்தியவர்.

வீரர்களை விட ஆசிரியர்கள்

பாரிஸுக்குப் போய் வந்த பிறகு பக்குக்கு வேறொரு வழியும் இருந்தது. பத்து நட்சத்திர வீரர்களைத் தேடிப் பிடித்து, கல்லூரிப் பெயரில் ஓடவிட்டு, கோப்பை சேர்த்திருக்கலாம். சீக்கிரம் பேர் கிடைத்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. ஆசிரியர்களை உருவாக்கும் வேலையிலேயே கடைசி வரை இருந்தார்.

இதன் பலன் அவர் காலத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1957-ல் மத்திய அரசு குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது. அதன் முதல் முதல்வரான பி.எம். ஜோசப், பக்கின் மெட்ராஸ் பட்டறையிலிருந்து வந்தவர். தமிழ்நாட்டிலும் 1950களில் காரைக்குடியில் அழகப்பா உடற்கல்விக் கல்லூரி வந்தது. மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளைகள் உடற்கல்வி படிக்க மெட்ராஸ் வரை போக வேண்டிய அவசியம் குறைந்தது. ஒரு பள்ளியாகத் தொடங்கியது, பல கல்லூரிகளாகக் கிளை விட்டது.

கடைசி நாட்கள்

1919-ல் வந்த பக், அதன் பிறகு தன் வேலைக் காலம் முழுவதையும் மெட்ராஸ் கல்லூரிக்கே கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், 1943 ஜூலை 24-ம் தேதி காலமானார். அப்போது வயது 58. இந்தியா சுதந்திரம் பெற்றதை அவர் பார்க்கவில்லை. சுதந்திர இந்தியாவின் கொடியோடு வீரர்கள் ஒலிம்பிக் மைதானத்தில் நடந்ததையும் பார்க்கவில்லை. அவர் தொடங்கிய கல்லூரி நூறாண்டைத் தாண்டி இன்றும் நந்தனத்தில் நடக்கிறது. இப்போது அது தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி.

சரி, இன்றைய சின்ன கல்லூரிக்கு இதில் என்ன இருக்கு?

வெளிநாட்டில் இந்தக் கேள்வி பெரிய விவாதம். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு மூன்று பிரிவாக நடக்கிறது. கீழ்ப் பிரிவில் இருக்கும் கல்லூரிகள் முதல் பிரிவுக்குப் போக ஆசைப்படும். போனால் டி.வி.யில் வரலாம், மாணவர் விண்ணப்பம் கூடும், பழைய மாணவர்கள் நன்கொடை தருவார்கள் என்று நம்பிக்கை. 2022-ல் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்ன பல்கலைக்கழகம், பாஸ்கெட்பாலில் கென்டக்கி என்ற ஜாம்பவானை வீழ்த்தி, கடைசி எட்டு அணிகளில் ஒன்றானது. ஒரே வாரத்தில் நாடு முழுக்கத் தெரிந்த பெயராகிவிட்டது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. முதல் பிரிவில் உள்ள பெரும்பாலான கல்லூரிகள் விளையாட்டில் சம்பாதிப்பதைவிட அதிகம் செலவு செய்கின்றன. பாக்கியை மாணவர் கட்டணமும் கல்லூரிப் பணமும்தான் ஈடுகட்டுகிறது.

நம்ம ஊரில் டி.வி. உரிமைப் பணம் எல்லாம் கல்லூரி விளையாட்டுக்குக் கிடையாது. அதனால் கணக்கும் வேற. இங்கே கிடைக்கக்கூடிய பலன்கள் இவை:

1. மாணவரின் வேலை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, போலீஸ், ராணுவம் எல்லாம் விளையாட்டுத் தகுதியில் ஆள் எடுக்கின்றன. இதற்கெல்லாம் மாநில, தேசிய அளவில் ஆடிய சான்றிதழ் தேவை. கல்லூரி அந்த மட்டத்துக்குப் போனால்தான் மாணவர் கையில் அந்தக் காகிதம் வரும்.

2. கல்லூரியின் மதிப்பெண். நாக் குழு தரம் பார்க்கும்போது, மாணவர்கள் விளையாட்டில் வாங்கிய விருதுகளும் கணக்கில் வருகின்றன. பெரிய ஆராய்ச்சிக்கூடம் கட்ட முடியாத கல்லூரிக்கு இது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் வாய்ப்பு.

3. மேடை. 2020-ல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் வந்த பிறகு, கிராமப்புறக் கல்லூரி மாணவரும் நேரலையில் தெரிகிறார். தேர்வாளர்கள் கண்ணிலும் படுகிறார்.

4. ஊர்ப் பிள்ளை ஊரிலேயே படிப்பது. நல்ல பயிற்சி உள்ளூர்க் கல்லூரியில் கிடைத்தால், திறமையான பிள்ளை சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் ஆகணும் என்ற கட்டாயம் இல்லை. குறிப்பாகப் பெண் பிள்ளைகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகளில் இது பெரிய விஷயம்.

மதுரையே காட்டிய உதாரணம்

இதற்கு ஆதாரம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். மதுரை சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி. சின்ன வயசிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டிதான் வளர்த்தார். போட்டியில் வெறுங்காலோடு ஓடிய அவரைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணன், மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழி செய்தார். அங்கே படித்துக்கொண்டே ஓடினார். விளையாட்டு மூலம் மதுரை கோட்ட ரயில்வேயில் வேலை கிடைத்தது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

அந்த அணி இறுதிப் போட்டிக்குப் போகவில்லை. ஆனால் ஒரு கல்லூரி சீட்டும், விடுதியில் ஒரு கட்டிலும், நேரத்துக்குச் சாப்பாடும் ஒரு பெண்ணின் வாழ்க்கையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை மதுரை பார்த்தது. பக் காலத்துப் பாரிஸ் பயணம் மாதிரியே, இங்கேயும் பதக்கப் பட்டியலில் வராத பலன்தான் பெரிசு.

எங்கே சறுக்கும்?

மேல்மட்ட விளையாட்டுக்குப் போகிறேன் என்று சொல்லும் சில கல்லூரிகள் செய்கிற வேலை நமக்குத் தெரியும். வெளியூரிலிருந்து நாலு ரெடிமேட் வீரர்களைக் கொண்டுவந்து, கட்டணம் இல்லாமல் சேர்த்து, பல்கலைக்கழகப் போட்டியில் ஜெயித்து, பிளெக்ஸ் அடிப்பார்கள். மூன்று வருஷத்தில் அவர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். கல்லூரி மைதானத்தில் நெருஞ்சி முள் மட்டும் மிச்சம். அந்தக் கல்லூரியில் கட்டணம் கட்டிப் படிக்கும் சாதாரண மாணவருக்கு ஒரு பந்துகூடக் கிடைத்திருக்காது.

அடிபட்டால் சிகிச்சைக்கு யார் பொறுப்பு, போட்டிக்காகத் தவறிய வகுப்பையும் தேர்வையும் எப்படி ஈடுகட்டுவது, ஆட்டம் வராமல் போனால் அந்த மாணவரின் சீட் இருக்குமா என்ற கேள்விகளுக்கும் பல இடங்களில் எழுத்தில் பதில் கிடையாது. பிள்ளையை விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்கப் போகும் பெற்றோர், கோப்பை அலமாரியைப் பார்ப்பதற்கு முன் இந்த மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது.

வாடிப்பட்டி வட்டத்தில் எங்கிருந்து தொடங்கலாம்?

பக்கின் வழியைப் பின்பற்ற நினைக்கும் சின்ன கல்லூரிக்குப் பெரிய ஸ்டேடியம் தேவையில்லை. அவரும் அப்படித் தொடங்கவில்லை. எல்லா விளையாட்டிலும் கால் வைக்காமல், ஊரில் ஏற்கனவே ஓடுகிற ஒன்றிரண்டை எடுத்தால் போதும். வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் பக்கம் கபடிக்கு ஆள் தேட வேண்டியதில்லை. வாலிபாலும் அப்படித்தான். சிந்தடிக் ஓடுதளம் வேணும் என்றால் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம் சுமார் 25 கிலோமீட்டர்தான்.

அதற்கு முதல் முதலீடு நல்ல பயிற்சியாளர். இரண்டாவது, விடுதியும் சாப்பாடும். மூன்றாவது, சுற்றியுள்ள பள்ளிகளின் பி.டி. ஆசிரியர்களோடு தொடர்பு. எட்டாம் வகுப்பில் ஓடுகிற பிள்ளையை அவர்தான் முதலில் பார்க்கிறார். கல்லூரி மைதானத்தை சாயங்காலம் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால், நாலு வருஷத்தில் கல்லூரிக்கு வர வேண்டிய வீரர்கள் தானாகவே வாசலில் நிற்பார்கள்.

செலவும் காலமும் எடுக்கும் வேலைதான் இது. மெட்ராஸில் 1920-ல் விரல் விட்டு எண்ணும் மாணவர்களோடு தொடங்கிய ஒரு பள்ளி, நாலே வருஷத்தில் ஒலிம்பிக்கைத் தொட்டது. அங்கிருந்து அது கொண்டுவந்த அறிவு, ஆசிரியர்கள் வழியாக ஊர் ஊராகப் பரவியது. மேல்மட்டப் போட்டிக்குப் போகணுமா என்று யோசிக்கும் கல்லூரி நிர்வாகம், எத்தனை கோப்பை வரும் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அங்கே போய் வருவதால் நம்ம மைதானத்தில் நாளைக்கு இன்னும் எத்தனை பிள்ளைகள் விளையாடுவார்கள் என்று கணக்குப் பார்த்தால், முடிவெடுப்பது சுலபமாகிவிடும்.